மலிவான பருப்புச் சூப்: யாருக்கு மலிவு?

(எங்கள் கூட்டுச் சமையல் பயிற்சி நாளில் பேசியது. பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் மடலுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



என்னைக் கதைக்கச் சொன்ன தலைப்பு "வீட்டில் மலிவாய், வயிறு நிறையச் சமைப்பது". படிப்போடு பகுதிநேர வேலையும் செய்யிற ஆக்கள், வாடகை கட்டினபிறகு மாதக் கடைசியில் கையில் 40 யூரோ மிஞ்சுற ஆக்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறம். அதனால் முதலில் சமையலைச் சொல்லுறன். பிறகு அந்த "மலிவு" என்ற சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பம். இரண்டும் ஒரே சட்டிக்குள் இருக்கிற விஷயம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

நான் எடுத்துக்கொண்ட சாப்பாடு ஜெர்மன் பருப்புச் சூப். இங்கே அதற்குப் பெயர் லின்ஸன்-ஐன்டொப்ஃப். லின்ஸன் எண்டால் பருப்பு. ஐன்டொப்ஃப் எண்டால் "ஒரே சட்டி". பருப்பு, மரக்கறி, கிழங்கு, கொஞ்சம் இறைச்சி எல்லாம் ஒரே சட்டியில் வெந்து தடிப்பாக வரும். பாடசாலை, தொழிற்சாலை உணவகங்களில் சாப்பிட்டிருப்பீர்கள். "இது என்ன, உறைப்பே இல்லாத பருப்புக் கறி" எண்டு வீட்டில் சொல்லியும் இருப்பீர்கள். ஆனால் அதில் போடுற பருப்பும் எங்கட மைசூர்ப் பருப்பும் ஒரே செடியில்தான் காய்க்கிறது. தோலை எடுத்து இரண்டாக உடைத்தால் மைசூர்ப் பருப்பு. தோலோடு முழுசாக விட்டால் ஜெர்மன் சூப்புக்கு. இன்று உலகத்தில் இந்தப் பருப்பை அதிகம் ஏற்றுமதி செய்வது கனடா. யாழ்ப்பாணத்துக் கடையில் இருக்கிற மூட்டையும் இங்கே இருக்கிற பாக்கெட்டும் ஒரே சஸ்கச்சுவான் வயலில் இருந்து வந்திருக்கவும்கூடும்.

சட்டிக்குள் என்ன போகிறது

இது எட்டுக் கோப்பைக்கான அளவு. எழுதிக்கொள்ளுங்கள்.

டெல்லர்-லின்ஸன் எண்டு பாக்கெட்டில் எழுதியிருக்கும் பழுப்பு நிறப் பருப்பு 500 கிராம். சுப்பன்-குரூன் எண்டு ஒன்றாகக் கட்டி விற்கிற மரக்கறிக் கட்டு ஒன்று. அதற்குள் கரட், லீக்ஸ், செலரிக் கிழங்கு, கொஞ்சம் பார்சிலி இருக்கும். பெரிய வெங்காயம் 2. உருளைக்கிழங்கு அரைக் கிலோ. பிரிஞ்சி இலை 2. வினாகிரி 3 மேசைக்கரண்டி. கடுகு விழுது 1 தேக்கரண்டி. உப்பு, மிளகு.

இறைச்சிக்கு மாட்டுக் கால் துண்டு 600 கிராம். இங்கே பைன்-ஷைபே எண்டு கேட்டால் தருவார்கள். நடுவில் எலும்பும் எலும்பு மச்சையும், சுற்றிவர இறைச்சியுமாக வட்டமாக வெட்டின துண்டு. இது நிறைய வேலை செய்த தசை. அதனால் நார் அதிகம், விலை குறைவு. அந்த நார்தான் மெதுவாக வேகும்போது கரைந்து சூப்பைத் தடிப்பாக்கும். வறுக்கிற துண்டுக்கு இரட்டிப்புக் காசு கொடுத்து வாங்கி இதில் போட்டால் காசும் போகும், ருசியும் வராது.

இறைச்சியின் ஈரத்தைத் துடைத்து எடுங்கள். அடி தடித்த சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் வைத்து, ஒவ்வொரு பக்கமும் நாலைந்து நிமிடம் சிவக்க விடுங்கள். அவசரப்பட்டுப் பிரட்டாதீர்கள். பிறகு வெங்காயத்தைப் போட்டு வதக்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறம்தான் ருசி. கொஞ்சம் தண்ணீர் விட்டு அதைச் சுரண்டி எடுங்கள். இரண்டரை லீட்டர் தண்ணீரும் பிரிஞ்சி இலையும் போட்டு, மூடியைச் சற்றே திறந்து வைத்து, மெல்லிய நெருப்பில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் 45 நிமிடம் போதும். மின்சாரமும் மிச்சம்.

இறைச்சி மெத்தென்று வந்ததும் கழுவின பருப்பைப் போடுங்கள். ஊறவைக்கத் தேவையில்லை. 20 நிமிடம் கழித்து, சின்னச் சதுரமாக வெட்டின கிழங்கையும் மரக்கறியையும் போட்டு இன்னொரு 20, 25 நிமிடம். இறைச்சியை வெளியே எடுத்து, எலும்பை நீக்கி, நாராகப் பிய்த்துத் திரும்பப் போடுங்கள். மச்சையைத் தட்டி உள்ளே விழுத்துங்கள். உப்பு, மிளகு, கடுகு விழுது, கடைசியில் வினாகிரி.

வினாகிரி கடைசியில்தான். புளிப்பு முதலில் போனால் பருப்பு வேகாமல் நிற்கும். அதே காரணத்தால்தான் எங்கட அம்மாமார் பருப்பு வெந்த பிறகே புளியோ தேசிக்காயோ விடுவினம். சுண்ணாம்பு கூடின தண்ணீரிலும் பருப்பு மெதுவாகத்தான் வேகும். அப்படியான ஊரில் இருக்கிற ஆக்கள் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடலாம். உறைப்பு வேண்டுமெண்டால் செத்தல் மிளகாய், உள்ளி, நற்சீரகம் தாளித்துக் கோப்பையில் விடுங்கள். ஜெர்மன் ஆக்கள் கோபிக்க மாட்டினம். கேட்டு வாங்கிச் சாப்பிடுவினம்.

இனிக் கணக்கு. நான் போன கிழமை வாங்கினபோது பருப்புக்கு 2 யூரோ, மரக்கறிக் கட்டுக்கு 2 யூரோ, கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் ஒன்றரை, இறைச்சிக்கு 8 யூரோ. மொத்தம் 13.50. எட்டால் பிரித்தால் கோப்பை ஏறத்தாழ 1.70 யூரோ. மாட்டுக்குப் பதிலாகப் புகையூட்டின பன்றி வயிற்று இறைச்சி 250 கிராம் போட்டால் கோப்பை 1.10 யூரோவுக்குள் வரும். அதற்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. பருப்போடு சேர்த்தே வேகும்.

இவ்வளவு குறைந்த இறைச்சி ஏன் போதும்? 100 கிராம் காய்ந்த பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. ஆகவே புரதத்தைச் சுமப்பது பருப்புத்தான். இறைச்சி ருசியைத் தருகிறது. அதோடு பருப்பில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சவும் உதவுகிறது. எலும்பையும் பருப்பையும் ஒன்றாகச் சேர்க்கிற இந்தக் கெட்டித்தனம் ஜெர்மன்காரருக்கு மட்டும் தெரிந்ததில்லை. தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளில் ஆட்டெலும்பும் பருப்பும் சேர்த்துத் தால்சா வைப்பார்கள். நெய்ச்சோறோடு கலியாணப் பந்தியில் வரும். கொஞ்ச இறைச்சியை நிறையப் பேருக்குப் பகிர வேண்டி வந்த இடங்களில் சனம் இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள்.

இறைச்சி போடலாமா?

எங்கட கூட்டுச் சமையலில் இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். நேராகக் கதைப்பம்.

இங்கத்தைய இடதுசாரிப் பொதுச் சமையலறைகள் பெரும்பாலும் இறைச்சி இல்லாமல்தான் சமைக்கின்றன. காலநிலை, விலங்குகள், செலவு, ஹலால் எண்டு பல காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கட ஆக்களுக்கு நடுவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழில் இறைச்சி இல்லாத சாப்பாட்டுக்கு நாங்கள் சொல்லுற சொல்லே "சைவம்". ஒரு சமயத்தின் பெயர். அந்தச் சொல்லுக்குள் தூய்மை, தீட்டு, சாதி எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது. மாட்டிறைச்சி சாப்பிடுறவரைக் குறைத்துப் பார்க்கிற பார்வை விமானத்தில் ஏறி எங்களோடேயே வந்திருக்கிறது. ஆகவே "நாங்கள் சைவம் மட்டும் சமைப்பம், ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை" எண்டு சொல்லும்போது, ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லையா எண்டு கேட்க வேணும். கால்நடை வளர்ப்பின் காலநிலைச் செலவைப் பற்றிக் கதைப்பது ஒன்று. அடுத்தவரின் கோப்பையைப் பார்த்து முகம் சுளிப்பது வேறொன்று.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பருப்பையும் மரக்கறியையும் பெரிய சட்டியில் தண்ணீரில் அவியுங்கள். எலும்பையும் இறைச்சியையும் சின்னச் சட்டியில் தனியே வேகவையுங்கள். இறைச்சி வேண்டியவரின் கோப்பையில் அதை அகப்பையால் விடலாம். மாட்டை ஹலால் கடையில் வாங்கினால் இன்னும் பல பேர் சாப்பிடுவார்கள். அகப்பை மட்டும் இரண்டு இருக்க வேணும். எந்தச் சட்டியில் என்ன எண்டு பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். "ஒரே சட்டி" இரண்டாகிவிடும்தான். ஆனால் எல்லாரும் ஒரே மேசையில் இருக்கலாம்.

மலிவுச் சூப்புக்கு ஒரு வரலாறு

இனி அந்தச் சொல்லைத் திருப்பிப் பார்ப்பம். கோப்பை 1.70 யூரோவுக்கு வயிறு நிறைகிறது எண்டால் அந்த மிச்சம் யாருக்குப் போகிறது?

இந்தக் கேள்வி இந்த நாட்டில் பழசு. 1790 ஜனவரி 1 ஆம் திகதி மியூனிக் நகரத் தெருக்களில் படையினரை விட்டுப் பிச்சைக்காரரைப் பிடித்தார்கள். அவர்களை ஒரு வேலைவிடுதிக்குக் கொண்டுபோய்ப் படையினருக்கான உடுப்புத் தயாரிக்கிற வேலையில் விட்டார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் பெஞ்சமின் தொம்சன். அமெரிக்காவில் பிறந்து, பவேரிய ஆட்சியாளரிடம் வேலைக்கு வந்து, பிறகு ரம்ஃபோர்ட் பிரபு எண்டு பட்டம் பெற்றவர். விஞ்ஞானி. வேலைவிடுதிச் சனத்துக்கு ஆகக் குறைந்த காசில் என்ன கொடுக்கலாம் எண்டு ஆராய்ந்து அவர் ஒரு சூப் செய்தார். பார்லி, காய்ந்த பட்டாணி, பிறகு உருளைக்கிழங்கு, புளிப்புக்கு வினாகிரி, காய்ந்த பாண் துண்டு. பாண் ஏன் எண்டால், கடித்துச் சாப்பிடும்போது சாப்பிடுற இன்பம் நீளுமாம். நன்றாகக் கொதிக்க விட்டால் தண்ணீரே சத்தாக மாறும் எண்டும் அவர் நம்பினார்.

கார்ல் மார்க்ஸ் "மூலதனம்" முதல் தொகுதியில், 1867 இல், இந்த மனிதரைப் பெயர் சொல்லி நக்கலடித்திருக்கிறார். தொழிலாளியின் வழமையான சாப்பாட்டை மலிவான கலவைகளால் மாற்றுகிற சமையல் குறிப்புக்காரர் எண்டு. அவர் அதை எழுதின இடத்தைக் கவனியுங்கள். கூலியை உழைப்புச் சக்தியின் பெறுமதிக்குக் கீழே அழுத்தும்போது, தொழிலாளி சாப்பிட வேண்டிய பங்கு முதலாளியின் மூலதனமாக மாறுகிறது எண்டு சொல்லுற இடத்தில்தான் இந்தச் சூப் வருகிறது. வாழுறதுக்கு என்ன தேவை எண்டதை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை, வரலாறும் போராட்டமும் தீர்மானிக்கின்றன எண்டதும் அவருடைய வாதம். "இவனுக்குப் பருப்புத் தண்ணி போதும்" எண்டு ஒரு நாடு முடிவெடுத்தால் கூலியும் பருப்புத் தண்ணி அளவுக்கு இறங்கும்.

அதே காலத்தில் இன்னொரு சட்டியும் இருந்தது. 1866 இல், பிரஷ்யா ஒஸ்திரியாவோடு போருக்குப் போய் விலைவாசி ஏறினபோது, பெர்லினில் லீனா மோர்கென்ஸ்டெர்ன் என்ற யூதப் பெண் மக்கள் சமையலறைகளைத் தொடங்கினார். மொத்தமாக வாங்கி, ஒன்றாகச் சமைத்து, அடக்க விலைக்கு விற்றார்கள். பிச்சை போடவில்லை. வந்தவர் காசு கொடுத்து, தலை நிமிர்ந்து வாங்கிப் போனார். பெண்ணுரிமைக்காகவும் உழைத்த அவரைப் பெர்லின் சனம் "சூப் லீனா" எண்டு கூப்பிட்டது. அவர் தாராளவாதி, புரட்சிக்காரி இல்லை. ஆனால் அந்தச் சட்டியில் மிஞ்சின சதம் சாப்பிட்டவரின் சட்டைப்பைக்குள்தான் இருந்தது. ரம்ஃபோர்டின் சட்டியில் மிஞ்சினது அரசின் கணக்குப் புத்தகத்துக்குப் போனது.

பிறகு நாசிகள் வந்தார்கள். 1933 ஒக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை, முதலாவது "ஐன்டொப்ஃப் ஞாயிறு". ஒக்டோபரில் இருந்து மார்ச் வரை மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒரே சட்டிச் சாப்பாடுதான். உணவகங்களிலும் அப்படித்தான். வழமையான ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் குளிர்கால உதவி நிதிக்குக் கொடுக்க வேணும். வீடு வீடாக வந்து கேட்டார்கள். ஹிட்லரும் கெபெல்ஸும் சூப் சாப்பிடுற படங்கள் பத்திரிகையில் வந்தன. பணக்காரனும் ஏழையும் ஒரே சட்டி எண்டு காட்டினார்கள். கூலி அப்படியே இருந்தது. தொழிற்சங்கங்களை அதே ஆண்டு மே மாதம் ஒழித்துவிட்டார்கள். "ஐன்டொப்ஃப்" என்ற சொல் நாடு முழுக்கப் பரவினதில் அந்தப் பிரசாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. "மக்கள் சமையலறை" எண்ட பழைய பெயரை இங்கத்தைய தோழர்கள் பல இடங்களில் விட்டுவிட்டு "எல்லாருக்குமான சமையலறை" எண்டு சொல்லுவதும் இந்த வரலாறு தெரிந்துதான். ஜெர்மனில் "மக்கள்" என்ற அந்தச் சொல்லுக்குள் யார் உள்ளே, யார் வெளியே எண்ட கேள்வி இருக்கிறது.

இவை எல்லாம் பழங்கதை எண்டு நினைக்காதீர்கள். 2008 இல் பெர்லினின் நிதிப் பொறுப்பாளராக இருந்த டிலோ சராட்சின், அரச உதவிப் பணத்தில் வாழுறவர் நாளுக்கு 4 யூரோவுக்குள் நன்றாகச் சாப்பிடலாம் எண்டு உணவுப் பட்டியலே போட்டுக் காட்டினார். பெரிய சம்பளம் வாங்குற ஒருத்தர் அடுத்தவருக்குச் சமையல் குறிப்புச் சொல்லும்போது, அதற்குள் ஒரு கூலிக் கொள்கை ஒளிந்திருக்கிறது. "உனக்குக் காசு காணாது இல்லை, உனக்குச் சமைக்கத் தெரியாது" எண்டதுதான் அதன் சாரம்.

எங்கட வீட்டுக்கு வந்த பொட்டலம்

இது எங்களுக்குத் தெரியாத கதை இல்லை. இங்கே இருக்கிற பல பேரின் பெற்றோர் 1980களிலும் 90களிலும் அகதியாக வந்தவை. 1993 இல் இந்த நாடு தஞ்சம் கேட்டவருக்கெண்டு தனிச் சட்டம் கொண்டுவந்தது. மற்றவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக, இயன்றவரை காசாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுப்பது எண்டு. அதனால் பல முகாம்களில் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. தாங்கள் சாப்பிடாத சாமானை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் மாற்றிக்கொண்டதை, ஒரு அறையில் ஒரு மின்னடுப்பை மறைத்து வைத்துப் பருப்புக் காய்ச்சினதைச் சிரித்துக்கொண்டு சொல்லுற மாமாமார் எல்லா வீட்டிலும் இருக்கினம். அவை சிரிப்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. என்ன சாப்பிடுவது எண்டு தீர்மானிக்கிற உரிமையை ஒருத்தரிடம் இருந்து எடுத்தால், அவர் இங்கே பெரிய ஆளாக நடத்தப்படவில்லை எண்டு அர்த்தம்.

இன்று அதன் பெயர் கட்டண அட்டை. 2024 ஏப்ரலில் ஜெர்மன் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் நிறைவேற்றியது. தஞ்சம் கேட்டவருக்கான பணம் அட்டையில் வரும். பவேரியா போன்ற இடங்களில் மாதத்துக்கு 50 யூரோ மட்டும் கையில் எடுக்கலாம். மிச்சத்தை அட்டை ஏற்கிற கடையில்தான் செலவழிக்க வேணும். நான் சொன்ன சூப்பை அந்த அட்டையோடு சமைத்துப் பாருங்கள். சந்தையில் மாலையில் விலை குறைத்து விற்கிற மரக்கறிக்குக் காசு வேணும். மூலைக்கடை ஹலால் இறைச்சிக்கு அட்டை சரிவராமல் போகலாம். பழைய சட்டி ஒன்றை ஐந்து யூரோவுக்குத் தருகிறன் எண்டு சொல்லுற பக்கத்து வீட்டாருக்குக் காசு வேணும். மலிவாக வாழுறதுக்கே கையில் காசு வேணும். அதையே எடுத்துவிட்டுச் சிக்கனமாக இரு எண்டு சொல்லுகினம். தொகையும் கூடவில்லை. தனியாக வாழுற ஒருத்தருக்கு 2024 இல் 460 யூரோவாக இருந்தது 2025 இல் 441 ஆகக் குறைந்தது. மற்றவருக்கான அடிப்படை உதவி இரண்டு ஆண்டும் 563 யூரோ. அந்த 563 இல் சாப்பாட்டுக்கும் குடிக்கவும் எண்டு கணக்கிட்டது ஏறத்தாழ 195. நாளுக்கு 6.50 யூரோ.

"எங்கட அப்பா அம்மா அப்படிக் கஷ்டப்பட்டுத்தான் வந்தவை, இவையும் படட்டும்" எண்டு எங்கட சமூகத்துக்குள் சிலர் சொல்லுவதைக் கேட்டிருக்கிறன். அவர்களுக்கு நாங்கள் மரியாதையாய், ஆனால் தெளிவாய்ப் பதில் சொல்ல வேணும். மாமா, உங்களுக்குப் பொட்டலம் தந்த அதே சட்டம்தான் இவைக்கு அட்டை தருது.

நேரமும் ஒரு செலவு

இன்னுமொன்று. என்ர கணக்கில் நான் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. அந்தச் சட்டி மூன்று மணித்தியாலம் அடுப்பில் இருக்கிறது. வாங்கப் போனது, வெட்டினது, கழுவினது எல்லாம் சேர்த்தால் நாலு. இரவு ஒன்பது மணிக்கு அலுவலகம் கூட்டித் துடைத்துவிட்டு வாற அன்ரிக்கு அந்த நாலு மணித்தியாலம் எங்கே இருக்கிறது? மலிவான சாப்பாடு பல நேரம் ஒரு பெண்ணின் சம்பளமில்லாத வேலையால்தான் மலிவாகிறது. 1972 இல் தொடங்கின வீட்டு வேலைக்கான கூலி இயக்கத்தில் மரியாரோசா டல்லா கோஸ்டா, சில்வியா ஃபெடெரிச்சி போன்றவர்கள் சொன்னது இதைத்தான். அடுத்த நாள் வேலைக்குப் போற உடம்பைத் தயார்செய்யிற வேலைக்கு முதலாளி காசு கொடுப்பதில்லை.

ஆகவே "அம்மா எப்படி 5 யூரோவில் ஐந்து பேருக்குச் சமைச்சவ" எண்டு புகழும்போது கொஞ்சம் கவனம். அவவின் கெட்டித்தனத்தைப் புகழுவம். ஆனால் அவவுக்கு வேறு வழி இருந்ததா எண்டும் கேட்பம்.

இங்கேதான் கூட்டாகச் சமைப்பது உண்மையிலேயே கணக்கை மாற்றுகிறது. எட்டுப் பேருக்குச் சமைக்கிற நேரமும் நாற்பது பேருக்குச் சமைக்கிற நேரமும் ஐந்து மடங்கு வித்தியாசப்படாது. சட்டி வேகிற நேரம் ஒன்றுதான். ஆறு பேர் சேர்ந்து வெட்டினால் முப்பத்துநாலு பேருக்கு அன்றைக்கு இரவு சும்மா கிடைக்கிறது. அடுத்தமுறை அவர்களில் ஆறு பேர் வெட்டலாம்.

எங்கட சட்டி

ஒரு சட்டிக்கு எவ்வளவு பலம் இருக்கிறது எண்டு மற்றப் பக்கத்துக்கு நன்றாகத் தெரியும். 1984, 85 இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தபோது, சுரங்கக் கிராமங்களில் பெண்கள் பொதுச் சமையலறைகளை நடத்தினார்கள். பசியால் உடைப்பம் எண்டு நினைத்தவர்களுக்கு அந்தச் சமையலறைகள் ஒரு வருடம் பதில் சொல்லின. எங்கட பக்கம் வாருங்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலில் சனம் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் குடித்த கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிப் பகிருகிறம். 2024 மே மாதம் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களையும் சேர்த்துக் கைதுசெய்தார்கள். சனம் தாங்களே அடுப்பு மூட்டி, தாங்களே காரணம் சொல்லிப் பகிருகிற ஒரு கஞ்சிச் சட்டி அந்த அரசுக்கு அச்சமாகத் தெரிந்தது.

அதனால் நான் சொல்ல வந்தது இதுதான். பருப்புச் சூப் காய்ச்சப் பழகுவம். அது நல்ல சாப்பாடு, எங்கட மாதக் கடைசியைக் காப்பாற்றும். ஆனால் எங்களுக்காக நாங்கள் மிச்சம் பிடிக்கிற சதத்தைக் காட்டி யாரும் கூலியையோ உதவிப் பணத்தையோ குறைக்க விடக்கூடாது. "சமாளிக்கலாம்" எண்டதை நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லலாம். மேலே இருக்கிறவர் எங்களுக்குச் சொல்ல முடியாது.

இதை வைத்து நாலு முன்மொழிவு. கலந்துரையாடலில் வெட்டிக் கொத்துங்கள்.

ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிறு கூட்டுச் சட்டி. நாற்பது பேருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு, மூன்று கிலோ இறைச்சி, ஐந்து மரக்கறிக் கட்டு. ஒரே சட்டிக்குள் அடங்காது, 15 லீட்டர்ச் சட்டி இரண்டு வேணும். ஒரு கோயிலிலோ மண்டபத்திலோ இரவல் கேட்கலாம், எங்கட ஆக்களிடம் பெரிய சட்டிக்குக் குறைவில்லை. இயன்றவர் காசு போடுவினம், இயலாதவர் சாப்பிடுவினம், யார் எது எண்டு ஒருத்தரும் பார்க்கத் தேவையில்லை.

இரண்டு, சட்டியை முகாமில் இருக்கிறவரோடு சேர்ந்து வைப்பது. அவர்களுக்காக இல்லை, அவர்களோடு. அடுத்த மாதம் அவர்கள் தங்கட பருப்பைத் தங்கட முறையில் காய்ச்சட்டும். நாங்கள் வெங்காயம் உரிப்பம்.

மூன்று, அதே நாளில் பற்றுச்சீட்டு மாற்று. அட்டை உள்ளவர் கடையில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வருவார். நாங்கள் அதே தொகையைக் கையில் காசாகக் கொடுத்து அதை வாங்குவம். அதை வைத்து எங்கட கிழமைச் சாமானை வாங்குவம். எங்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அவர்களுக்குச் சந்தை திறக்கும். மியூனிக்கிலும் ஹம்பேர்க்கிலும் தோழர்கள் இதைச் செய்து காட்டியிருக்கினம். பவேரிய அரசுக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் தொடங்கமுதல் எங்கட மாநிலத்து நிலைமையைச் சட்டம் தெரிந்த ஒரு தோழரிடம் கேட்டுக்கொள்ளுவம்.

நாலு, கழுவுற பட்டியல். இதைக் கடைசியில் சொல்லுறதால் முக்கியமில்லை எண்டு நினைக்காதீர்கள். எங்கட கூட்டங்களில் மார்க்ஸ் பற்றிக் கதைக்கிற தம்பிமார் யார், சட்டி கழுவுற தங்கச்சிமார் யார் எண்டு எல்லாருக்கும் தெரியும். பட்டியலைப் பெயரோடு எழுதிச் சுவரில் ஒட்டுவம். போனமுறை கழுவினவர் இந்தமுறை கதைப்பார். இந்தமுறை கதைச்ச நான் அடுத்தமுறை கழுவுறன். என்ர பெயரை முதலாவதாக எழுதுங்கோ.

கேள்விகளைக் கேளுங்கோ. வினாகிரியை ஏன் கடைசியில் விடுறது எண்டதில் இருந்து எதையும் கேட்கலாம்.